அமெரிக்காவில் திவால் மனு: உங்கள் வருமானத்துக்கு சாப்டர் 7 கிடைக்குமா? படிப்படியாகக் கணக்குப் போடும் வழி

அமெரிக்காவில் வேலை போய், கிரெடிட் கார்டுக் கடன் கழுத்தை நெரிக்கும்போது முதலில் கை போகும் இடம் 401(கே) ஓய்வூதியக் கணக்கு. அடுத்தது ஊரில் இருக்கும் நகை, நிலம். "நமக்கு நல்ல சம்பளம் வந்ததே, திவால் மனுவெல்லாம் நமக்குக் கிடைக்காது" என்று ஒரு கணக்கும் போடாமல் முடிவு செய்துவிட்டு, கையில் இருப்பதையெல்லாம் கடன்காரர்களுக்குக் கொட்டிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் மனது பதறுகிறது. முறையான 401(கே) கணக்கில் இருக்கும் பணம் திவால் வழக்கிலும் பொதுவாகக் கடன்காரர்கள் கைக்குப் போகாது. இதற்கு அடித்தளமான தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-லேயே கொடுத்துவிட்டது. அதனால் அந்தக் கணக்கைத் தொடும் முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

முதலில் கொஞ்சம் பின்னணி. தனிநபர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் திவால் மனு போடுகிறார்கள். சாப்டர் 7 என்பது சில மாதங்களில் முடிந்துவிடும் வழி. சட்டம் பாதுகாக்காத சொத்து இருந்தால் டிரஸ்டி, அதாவது வழக்கைக் கையாள நியமிக்கப்படும் நிர்வாகி, அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். பாக்கியில் கிரெடிட் கார்டு, மருத்துவமனை பில் போன்றவை தள்ளுபடியாகும். ஜீவனாம்சம், பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகை, பெரும்பாலான மாணவர் கடன், சமீபத்திய வருமான வரி ஆகியவை தள்ளுபடியாகாது. சாப்டர் 13 என்பது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தவணை கட்டும் வழி. 2005-ல் வந்த திருத்தச் சட்டம், வசதி உள்ளவர்கள் நேராக சாப்டர் 7-க்குப் போவதைத் தடுக்க ஒரு வருமானச் சோதனையை நுழைத்தது. மீன்ஸ் டெஸ்ட் என்பது அதன் பெயர். அதே ஆண்டு அக்டோபர் 17 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இதற்குக் குடியுரிமை தேவையா? இல்லை. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் மனு போடலாம். அமெரிக்காவில் வசிப்பிடமோ, தொழிலோ, சொத்தோ இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: சோதனை உங்களுக்குப் பொருந்துமா?

பலரும் தாண்டிப் போய்விடும் கேள்வி இது. மீன்ஸ் டெஸ்ட், கடனில் பெரும்பகுதி சொந்த வாழ்க்கைக்காக வாங்கப்பட்டதாக இருந்தால் மட்டுமே பொருந்தும். வீட்டுக் கடன், கார் கடன், வீட்டுச் செலவுக்குத் தேய்த்த கார்டு, மருத்துவச் செலவு எல்லாம் சொந்தக் கடன். உணவகம் நடத்தி நஷ்டப்பட்டவர், பெட்ரோல் பங்க் எடுத்து மூடியவர், டிரக் வாங்கி ஓட்டியவர் விஷயம் வேறு. தொழிலுக்காக வாங்கிய கடனும், அதற்குச் சொந்தப் பொறுப்பில் போட்ட கையெழுத்தும் தொழில் கடன் கணக்கில் சேரும். வருமான வரி பாக்கியையும் நீதிமன்றங்கள் பொதுவாகச் சொந்தக் கடனாகப் பார்ப்பதில்லை.

கடன் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதைவிட, வாங்கியபோது எதற்காக வாங்கினீர்கள் என்பதே முக்கியம். சொந்தப் பெயரில் உள்ள கார்டில் கடைக்குச் சரக்கு வாங்கியிருந்தால் அது தொழில் கடன்தான். எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதி இரண்டாகப் பிரித்துக் கூட்டுங்கள். தொழில் கடன் பாதிக்கு மேல் இருந்தால், உங்கள் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் மீன்ஸ் டெஸ்ட் கிடையாது. ராணுவப் பணியில் பெரும்பாலான கடனை வாங்கிய, உடல் ஊனமடைந்த முன்னாள் வீரர்களுக்கும், பணிக்கு அழைக்கப்பட்ட ரிசர்வ் படையினர் சிலருக்கும் தனி விலக்கு உண்டு.

படி 2: ஆறு மாத வருமானம்

சோதனையில் கேட்பது இன்றைய சம்பளம் இல்லை, போன ஆண்டு வரிக் கணக்கில் காட்டிய தொகையும் இல்லை. மனு போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு முழு மாதங்களில் வந்த மொத்த வருமானத்தைக் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. மீன்ஸ் டெஸ்டுக்கான படிவம் 122ஏ-1-ல் முதலில் வருவது இந்தக் கணக்குதான்.

அக்டோபரில் எந்தத் தேதியில் மனு போட்டாலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கணக்கு. இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம். ஒருவருக்கு மாதம் 9,000 டாலர் சம்பளம். ஆகஸ்ட் 31-ல் வேலை போய்விட்டது. அக்டோபரில் மனு போட்டால் ஐந்து மாதச் சம்பளம், 45,000 டாலர், கணக்கில் வரும். ஆறால் வகுத்தால் 7,500. ஆண்டுக்கு 90,000. அதே நபர் ஜனவரியில் போட்டால் ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் மட்டும்தான் உள்ளே வரும். 18,000 டாலரை ஆறால் வகுத்தால் 3,000, ஆண்டுக்கு 36,000. ஆளும் கடனும் அதேதான், முடிவு மட்டும் தலைகீழாக மாறிவிடுகிறது.

போனஸுக்கும் இதே கதை. மார்ச்சில் ஆண்டு போனஸ் வாங்கியவர் செப்டம்பரில் மனு போட்டால் அது உள்ளே இருக்கும், அக்டோபரில் போட்டால் வெளியே போய்விடும். ஐ.டி. துறையினருக்குக் கைக்கு வரும் நிறுவனப் பங்குகளும் சம்பளச் சீட்டில் வருமானமாக ஏறுவதால் அந்தத் தேதிகளையும் பாருங்கள். வேலையை விட்டு அனுப்பும்போது தரும் இழப்பீட்டுத் தொகையும் சேரும். இப்படித் தேதி பார்த்து மனு போடுவதில் தவறு எதுவும் இல்லை.

ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. மனு போட்ட நொடியில்தான் வசூல் நடவடிக்கைகள் நிற்கும். அதற்குள் சம்பளப் பிடித்தமோ வீட்டு ஏலமோ வந்துவிடும் என்றால் ஆறு மாதம் பொறுப்பது புத்திசாலித்தனம் ஆகாது. எச்-1பி-யில் வேலை இழந்தவருக்கு அமெரிக்காவில் தங்க அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அவர் இந்த முடிவை எடுக்கும் முன் திவால் வழக்கறிஞரோடு குடிவரவு வழக்கறிஞரையும் பார்த்துவிடுவது நல்லது.

சரி, எதெல்லாம் வருமானம்? சம்பளம், ஓவர்டைம், டிப்ஸ், கமிஷன், ஓய்வூதியம், வட்டி, ஈவுத்தொகை, தொழிலில் செலவு போக நின்ற தொகை, வாடகை. அமெரிக்காவில் வரி கட்டத் தேவையில்லாத வருமானமும் சேரும். சென்னையில் விட்டிருக்கும் ஃபிளாட்டின் வாடகை, இந்திய வங்கி வைப்புத் தொகையின் வட்டி இரண்டும் உள்ளே வரும். அண்ணன் மாதாமாதம் வீட்டு வாடகைக்கென்று அனுப்பும் பணம்கூடச் சேரும். திருப்பித் தர வேண்டிய கடனாக அவர் கொடுத்திருந்தால் அது வருமானம் இல்லை.

சேராதவையும் உண்டு. சோஷியல் செக்யூரிட்டி தொகை முழுவதும் வெளியே. கிரீன் கார்டோடு கூட இருக்கும் அப்பா, அம்மாவுக்கு எஸ்.எஸ்.ஐ. என்ற அரசு உதவித்தொகை வந்தால் அதுவும் அப்படியே. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முன்னாள் ராணுவத்தினரின் ஊனமுற்றோர் உதவித்தொகையும் வெளியே போய்விட்டது. வேலையின்மை உதவித்தொகையில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. சில சேர்க்கச் சொல்கின்றன, சில வேண்டாம் என்கின்றன. உங்கள் மாவட்ட நடைமுறையை உள்ளூர் வழக்கறிஞர்தான் சொல்ல முடியும்.

திருமணமானவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கணவர் மட்டும் மனு போட்டாலும், ஒரே வீட்டில் வாழும் மனைவியின் வருமானத்தையும் காட்ட வேண்டும். அவருடைய சம்பளத்தில் குடும்பச் செலவுக்கு வராத பகுதியை, அதாவது அவருடைய வரி, அவர் பெயரில் மட்டும் உள்ள கடன் தவணை போன்றவற்றை, பிறகு நான்காம் படியில் கழித்துக்கொள்ளலாம். அடுத்து வரும் மூன்றாவது படியின் ஒப்பீட்டில் மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

படி 3: மாநில நடுவருமானத்தோடு ஒப்பீடு

ஆறு மாதச் சராசரியை 12-ஆல் பெருக்குங்கள். அந்தத் தொகையை உங்கள் மாநிலத்தில் உங்கள் அளவுள்ள குடும்பத்தின் மீடியன் வருமானத்தோடு, அதாவது பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் சம்பாதிக்கும் நடுத் தொகையோடு, ஒப்பிட வேண்டும். இந்த அட்டவணையை, திவால் வழக்குகளைக் கண்காணிக்கும் அமெரிக்க நீதி அமைச்சகத்தின் யு.எஸ். டிரஸ்டி பிரிவு தன் தளத்தில் வெளியிடுகிறது. ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறுவதால் நீங்கள் மனு போடும் தேதிக்குரிய அட்டவணையைத்தான் எடுக்க வேண்டும். நான்கு பேருக்கு மேல் இருந்தால், 2025 ஏப்ரல் 1 முதல், கூடுதலாக உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 11,100 டாலர் கூட்டிக்கொள்ளலாம்.

குடும்பத்தில் எத்தனை பேர் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. வீட்டில் வாழும் தலைகளை எண்ணும் நீதிமன்றங்கள் உண்டு, வரிக் கணக்கில் சார்ந்தவர்களாகக் காட்டியவர்களை மட்டும் எண்ணுபவை உண்டு, ஒரே வரவு செலவில் வாழ்பவர்களை எண்ணுபவையும் உண்டு. நிரந்தரமாகக் கூட வாழும் பெற்றோரை உங்கள் வருமானத்தில்தான் பராமரிக்கிறீர்கள் என்றால் அவர்களைச் சேர்க்க வலுவான வாதம் இருக்கிறது. பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் வந்து போகும் பெற்றோரைச் சேர்த்தால் கேள்வி வரும். அதை நம்பிக் கணக்கு போடாதீர்கள்.

உங்கள் தொகை மீடியனுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் மீன்ஸ் டெஸ்ட் அதோடு முடிந்தது. மேலே இருந்தால் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். அடுத்த படிவம் இருக்கிறது.

படி 4: செலவுகளைக் கழித்தல்

படிவம் 122ஏ-2 நீளமானது, பொறுமை வேண்டும். இதில் சில செலவுகளுக்கு உங்கள் உண்மைத் தொகையும், சிலவற்றுக்கு வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வகுத்த அட்டவணைத் தொகையும் வரும். சாப்பாடு, துணி, வீட்டுச் சாமான் போன்றவற்றுக்கு நாடு முழுக்க ஒரே அட்டவணை. வீடு, மின்சாரம், தண்ணீருக்கு கவுன்ட்டி வாரியாக அட்டவணை. கார் ஓட்டும் செலவுக்கு வட்டாரம் வாரியாக.

வாடகைக்கு இருப்பவருக்கு அட்டவணை சொல்லும் வாடகைதான். அதைவிட அதிகம் கொடுத்தாலும் மிச்சத்தைச் சுலபமாகக் கழிக்க முடியாது. வீட்டுக் கடன் உள்ளவரோ உண்மைத் தவணையை, அட்டவணையைவிட அதிகமானாலும், கழித்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. காருக்கும் ஒரு கவனம் தேவை. கடனோ லீஸோ இல்லாத காருக்கு உரிமைச் செலவு என்ற கழிவு (கார் வாங்கிய தவணைக்கானது) கிடையாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓட்டும் செலவுக்கான கழிவு மட்டும் கிடைக்கும்.

உண்மைத் தொகையில் கழிப்பவை: வரிகள், கட்டாயப் பிடித்தங்கள், உங்கள் பெயரில் எடுத்த டேர்ம் இன்ஷூரன்ஸ், மருத்துவக் காப்பீடு, நீதிமன்றம் கட்டச் சொன்ன ஜீவனாம்சம், குழந்தைக் காப்பகச் செலவு, கோயிலுக்கும் அறக்கட்டளைக்கும் தொடர்ந்து கொடுக்கும் நன்கொடை. வரியில் ஒரு நுணுக்கம்: அதிகமாகப் பிடிக்க விட்டு ரீஃபண்ட் வாங்குபவர் என்றால் அந்த ரீஃபண்டை 12-ஆல் வகுத்துக் கழிவிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

கழிக்க முடியாதவை: 401(கே)-வுக்கு நீங்களாக விரும்பிப் போடும் தொகை, சாப்டர் 7-ஐப் பொறுத்தவரை அந்தக் கணக்கிலிருந்து எடுத்த கடனின் தவணை, கிரெடிட் கார்டு மாதத் தவணை.

நம்மவர்களுக்கு மிக முக்கியமான ஒரு வரி இந்தப் படிவத்தில் இருக்கிறது. வயதான, நெடுநாள் நோயுள்ள, அல்லது ஊனமுற்ற நெருங்கிய குடும்பத்தினரின் பராமரிப்புக்குத் தொடர்ந்து கொடுக்கும் தொகையைக் கழிக்கலாம். பெற்றோரும் இதில் அடக்கம். அவர்கள் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாதவர்களாக அவர்கள் இருக்க வேண்டும், தொகை நியாயமானதாகவும் அவசியமானதாகவும் இருக்க வேண்டும். மதுரையில் இருக்கும் அம்மாவின் டயாலிசிஸுக்கு மாதாமாதம் அனுப்புகிறீர்கள் என்றால் பணம் அனுப்பிய ரசீது, மருத்துவமனை பில், மருத்துவர் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். உறவினர் வழியாகக் கையில் கொடுத்து அனுப்பியதை நிரூபிப்பது கடினம். இனியாவது வங்கி வழியாக அனுப்புங்கள்.

படி 5: மிச்சத்தை 60-ஆல் பெருக்குங்கள்

கழிவுகள் போக மாதம் நிற்கும் தொகையை 60-ஆல் பெருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள எல்லைகள் இவை. விடை 10,275 டாலருக்குக் கீழே இருந்தால் தேறிவிட்டீர்கள். 17,150-க்கு மேலே போனால் நீங்கள் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகச் சட்டம் அனுமானிக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்றால், கிரெடிட் கார்டு போல ஈடும், முதலில் அடைக்க வேண்டும் என்ற சட்ட முன்னுரிமையும் இல்லாத உங்கள் கடன்களின் கால் பங்கோடு அதை ஒப்பிட வேண்டும். கால் பங்கைவிடக் குறைவாக இருந்தால் தேறலாம். இந்த எல்லைகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். அடுத்தது 2028-ல்.

எண்களோடு பார்த்தால்தான் இது புரியும். மீடியனைத் தாண்டிய நான்கு பேர் குடும்பம் ஒன்றை வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 10,400. வரி 2,050, சாப்பாடு முதலிய அட்டவணைத் தொகை 2,000, மின்சாரம், தண்ணீர் வகை 800, வாடகை 2,400, கார் ஓட்டும் செலவு 600, கார் கடன் 480, மருத்துவக் காப்பீடு 750, குழந்தைக் காப்பகம் 900, ஊரில் இருக்கும் அம்மாவின் பராமரிப்பு 300. கூட்டினால் 10,280. மிச்சம் 120 டாலர், 60 மாதத்துக்கு 7,200. தேறிவிட்டார்கள்.

அம்மாவுக்கு அனுப்பியதில் 200 டாலருக்குத்தான் ஆதாரம் இருக்கிறது என்றால் மிச்சம் 220, 60 மாதத்துக்கு 13,200. நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஈடில்லாத கடன் 60,000 இருந்தால் அதன் கால் பங்கு 15,000. 13,200 அதைவிடக் குறைவு என்பதால் தப்பிக்கலாம். கடன் 40,000 மட்டுமே என்றால் கால் பங்கு 10,000, அங்கே மாட்டிக்கொள்வார்கள். ஆதாரமே இல்லையென்றால் மிச்சம் 420, மொத்தம் 25,200. கதவு மூடிவிடும். ஒரு மருத்துவமனை ரசீதுக் கட்டுதான் இந்த மூன்று முடிவுகளையும் பிரிக்கிறது.

அனுமானம் உங்களுக்கு எதிராக வந்தால்

அப்போதும் ஒரு வழி இருக்கிறது. கடுமையான நோய், ராணுவ அழைப்பு போன்ற தவிர்க்க முடியாத சூழ்நிலை இருந்தால், அதனால் கூடிய செலவையோ குறைந்த வருமானத்தையோ வரி வரியாக எழுதி, ஆதாரம் வைத்து, சத்தியம் செய்து விளக்கலாம். அதைச் சேர்த்த பிறகு எண்கள் எல்லைக்குள் வந்தால் அனுமானம் விலகும். ஆறு மாதத்தில் வந்த சம்பளம் இனி வராது என்பதையும் சிலர் இப்படி வாதிடுகிறார்கள்.

இல்லையென்றால் வழக்கு தள்ளுபடியாகும், அல்லது உங்கள் சம்மதத்தோடு சாப்டர் 13-க்கு மாறும். அதற்கு ஒழுங்கான வருமானம் வேண்டும். ஈடில்லாக் கடன் 5,26,700 டாலருக்கும், ஈடுள்ள கடன் 15,80,125 டாலருக்கும் கீழே இருக்க வேண்டும். அங்கேயும் அதே ஆறு மாதக் கணக்குதான். மீடியனுக்குக் கீழே என்றால் பொதுவாக மூன்று ஆண்டுத் திட்டம், மேலே என்றால் ஐந்து. வீட்டுக் கடன் தவணை பாக்கியை அடைத்து வீட்டைக் காப்பாற்ற நினைப்பவருக்கு, சாப்டர் 7 கிடைத்தாலும் சாப்டர் 13 நல்லதாக இருக்கலாம்.

தேறிய பிறகும் பார்ப்பார்கள்

மீன்ஸ் டெஸ்டில் தேறிவிட்டால் எல்லாம் முடிந்ததாக எண்ணக் கூடாது. ஷெட்யூல் ஐ என்பதில் இன்றைய வருமானத்தையும், ஷெட்யூல் ஜே என்பதில் இன்றைய செலவையும் காட்ட வேண்டும். ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்து, மனு போடும் வாரத்தில் பெரிய சம்பளத்தில் வேலை கிடைத்திருந்தால் அந்த ஷெட்யூல்களில் அது தெரிந்துவிடும். மாதம் 2,000 டாலர் மிச்சம் நிற்கிறது என்றால், மீன்ஸ் டெஸ்ட் எண்கள் எப்படி இருந்தாலும் யு.எஸ். டிரஸ்டி எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

ஊர்ச் சொத்தை மறைக்காதீர்கள். திவால் மனுவில் உலகில் எங்கே இருக்கும் சொத்தையும் காட்ட வேண்டும்: தஞ்சாவூரில் பங்கு பிரியாத வயல், லாக்கரில் இருக்கும் நகை, இந்திய வங்கியில் உள்ள என்.ஆர்.இ. கணக்கு. வருமானத்தில் தேறியவருக்கும் பெரிய சொத்து இருந்தால் சாப்டர் 7 நஷ்டமாக முடியலாம். பொய் சொல்லி மாட்டினால் ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. மச்சானிடம் வாங்கிய கடனை மட்டும் முதலில் அடைத்துவிட்டு மனு போடலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஓராண்டுக்குள் உறவினருக்கு அப்படிக் கொடுத்ததை டிரஸ்டி அவரிடமிருந்தே திரும்ப வாங்க முடியும்.

மனு போடும் முன் 180 நாளுக்குள், அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றில் கடன் ஆலோசனை வகுப்பை முடித்துச் சான்று வாங்க வேண்டும். இணையத்திலேயே முடிக்கலாம். சாப்டர் 7-க்கு நீதிமன்றக் கட்டணம் 338 டாலர். வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 150 சதவீதத்துக்குக் கீழே இருந்து, தவணையிலும் கட்ட முடியாதவர்கள் கட்டண விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். எட்டு ஆண்டுகளுக்குள் ஏற்கெனவே ஒருமுறை சாப்டர் 7-ல் மனு போட்டுக் கடன் தள்ளுபடி வாங்கியிருந்தால் இந்த வழி மறுபடி கிடைக்காது.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது ஏழு மாதச் சம்பளச் சீட்டுகளையும், கடைசி இரண்டு ஆண்டு வரிக் கணக்கையும், எல்லா வங்கிக் கணக்கு அறிக்கைகளையும், கடன் பட்டியலையும், ஊருக்கு அனுப்பிய பண ரசீதுகளையும் எடுத்துப் போங்கள். "இந்த மாதம் போட்டால் என் சராசரி எவ்வளவு, அடுத்த மாதம் போட்டால் எவ்வளவு?" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். முதல் சந்திப்புக்குக் கட்டணம் வாங்காத வழக்கறிஞர்கள் நிறைய இருக்கிறார்கள். அதுவும் முடியாதவர்கள் உங்கள் கவுன்ட்டியின் இலவச சட்ட உதவி மையத்தைக் கூப்பிட்டுப் பேசலாம்.